மைனஸ் 32-ல் பிழைத்த திராட்சை

நியூயார்க் நகரில் ஒரு காலத்தில் ‘ஆட்டோமேட்’ உணவகங்கள் ரொம்பப் பிரபலம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் இருக்கும். துளையில் காசைப் போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். உள்ளே இருக்கும் பண்டத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போகலாம். பரிமாற ஆள் தேவையில்லை. ஆனால், தட்டு கழுவ ஆள் வேண்டுமே! 1951-ல் அப்படித் தட்டு கழுவியவர்களில் ஒருவர், திராட்சை சாகுபடியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வயது 52. பெயர் கான்ஸ்டன்டின் ஃப்ராங்க்.

உக்ரைனில் பிறந்த ஜெர்மானிய வம்சாவளிக்காரர். அங்கே பெரிய அரசுத் திராட்சைத் தோட்டங்களை நிர்வகித்தவர். கடுங்குளிரில் திராட்சையைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சிப் பொருள். இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. ஆஸ்திரியா, ஜெர்மனி என்று அலைந்துவிட்டு, மனைவி யூஜீனியா, மூன்று பிள்ளைகளோடு அமெரிக்காவில் வந்து இறங்கினார். பல மொழிகள் தெரிந்தவர்தான். அமெரிக்காவில் தேவைப்பட்ட ஆங்கிலம் மட்டும் தெரியாது.

இந்த வாரம் இவரைப் பற்றி எழுதக் காரணம், இவர் குடும்பம் இன்றும் தயாரிக்கும் ‘ட்ரை ரீஸ்லிங்’ என்கிற வெள்ளை ஒயின். குடும்பப் பத்திரிகையில் ஒயினா என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். வாங்கிக் குடியுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ‘கொஞ்சமாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது’ என்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் அவர்கள் சொன்னது. நான் சொல்லப்போவது விவசாயக் கதை. ஒரு மனிதர் சொன்னதை யாருமே நம்பாத கதை.

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். ரீஸ்லிங் என்பது ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்துத் திராட்சை. 1435-ம் வருடத்துக் கணக்குச் சீட்டு ஒன்றிலேயே இந்தக் கொடிகளை வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. சின்னச் சின்ன பழம், பச்சை கலந்த மஞ்சள், நல்ல புளிப்பு. ‘ட்ரை’ என்றால் காய்ந்தது என்று அர்த்தம் இல்லை. இனிப்பு இல்லாதது என்று அர்த்தம்.

பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை இருக்கும். கடையில் விற்கும் கோலா பானத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். பாதியில் நிறுத்தினால் இனிப்பு மிச்சமிருக்கும். கடைசிவரை தின்னவிட்டால் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துவிடும். அதுதான் ட்ரை. ஐரோப்பியச் சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் இருந்தால் ட்ரை என்று எழுதலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரைக்கும் சலுகை உண்டு. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மறைக்கும் என்பது புளிக்குழம்பில் துளி வெல்லம் போடுகிற நமக்குத் தெரியாததா?

இனிப்பான ஒயினில் சின்னக் குறைகள் ஒளிந்துகொள்ளும். ட்ரை ரீஸ்லிங்கில் அந்த வசதி இல்லை. பெரும்பாலும் இதை ஓக் மரப் பீப்பாயில் வைத்து வாசம் ஏற்றுவதில்லை; வேறு திராட்சையோடு கலப்பதும் அபூர்வம். பழம் அரைவேக்காடாகப் பழுத்திருந்தால் அப்படியே நாக்கில் தெரியும். வெயில் அதிகம் பட்டிருந்தாலும் தெரியும். எப்படி என்றால், மண்ணெண்ணெய் வாசம் வரும்! நிஜமாகத்தான். டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வேதிப்பொருள், வெயில் பட்ட ரீஸ்லிங் பழங்களில் கூடுதலாக உருவாகும். பாட்டிலில் வருடக்கணக்கில் இருக்கும்போது அந்த வாசம் மெல்ல எழும். பழைய ரீஸ்லிங் பிரியர்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். ரேஷன் கடை க்யூவில் மண்ணெண்ணெய் கேனோடு நின்ற நம் தலைமுறைக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இவ்வளவு புளிப்பு எங்கிருந்து வருகிறது? குளிரிலிருந்து. திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். சூடான இடத்தில் இரண்டும் வேகமாக நடக்கும். இரவு குளிர்ந்து கிடக்கும் ஊரில் பழம் நிதானமாகப் பழுக்கும். புளிப்பும் அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆக, நல்ல ட்ரை ரீஸ்லிங்குக்குக் குளிர் வேண்டும். ஆனால், அதே குளிர் ஒரே ராத்திரியில் கொடியைக் கொன்றும்விடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே பனிக்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடி தூங்குவதே இல்லை. விவசாயி கவாத்து செய்யும் நாளை வைத்து வருடத்துக்கு ஒரு முறைக்கு மேலும் அறுவடை பார்த்துவிடலாம். குளிர்நாட்டுக் கொடிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இலையை உதிர்த்துவிட்டு, மொட்டை இறுக மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் தூங்க வேண்டும். வருடத்துக்கு ஒரே விளைச்சல். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஐரோப்பியத் திராட்சையை வளர்க்கும் ஆசை ரொம்பப் பழையது. வர்ஜீனியாவில் 1619-லேயே வீட்டுக்குப் பத்துக் கொடி நட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். செத்துப்போயின. பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் தன் தோட்டத்தில் திரும்பத் திரும்ப முயன்றார். அவையும் பிழைக்கவில்லை. வேரைத் தின்னும் ஃபைலாக்ஸெரா என்ற பூச்சி, இலையைப் பிடிக்கும் பூஞ்சை, இவற்றோடு குளிர். மூன்றும் சேர்ந்து அடித்தன. ‘இந்த ஊருக்கு இந்தச் செடி ஆகாது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு, எல்லோரும் கான்கார்ட், கடாபா போன்ற அமெரிக்க ரகங்களுக்குப் போய்விட்டார்கள். கான்கார்டின் வாசம் உங்களுக்கும் தெரியும். ஊதா நிற ‘கிரேப்’ மிட்டாயில் ஒரு வாசம் வருமே, அதேதான். திராட்சை மிட்டாய் ஏன் நாம் தின்னும் திராட்சை மாதிரி இல்லை என்று சின்ன வயதில் யோசித்திருப்பீர்கள். அது வேறு ஊர்த் திராட்சையின் வாசம்.

இப்போது நம் டாக்டரிடம் வருவோம். தட்டு கழுவிச் சேர்த்த காசில் அவர் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஜெனிவா என்ற ஊருக்குப் போனார். (சுவிட்சர்லாந்து ஜெனிவா இல்லை, இது ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர்.) கார்னல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தது. வேலை கிடைத்தது. என்ன வேலை? களை கொத்துவது, பெருக்குவது, எடுபிடி. கொத்திக்கொண்டே அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே ஏன் ஐரோப்பியத் திராட்சை போடவில்லை? குளிர் தாங்காது என்பது பதில். அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். துப்பினால் எச்சில் தரையைத் தொடுவதற்குள் உறைந்துபோகும் ஊரில் நான் இதை வளர்த்திருக்கிறேன் என்று அவர் சொன்னதாக இன்றும் அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். உடைந்த ஆங்கிலத்தில் ஓர் எடுபிடி ஆள் சொன்னால் யார் காதில் ஏறும்?

ஏறியது ஒரே ஒருவர் காதில். சார்ல்ஸ் ஃபூர்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்ஸின் பெரிய ஷாம்பெயின் நிறுவனத்தில் இருந்துவிட்டு, 1934-ல் கியூகா ஏரிக்கரையில் இருந்த ‘கோல்டு சீல்’ ஒயின் கம்பெனிக்கு வந்தவர். கான்ஸ்டன்டினும் அவரும் பிரெஞ்சு மொழியில் பேசிக்கொள்ள முடிந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவு இருந்தால் போதாது. அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் ஒரு காதும் வேண்டியிருக்கிறது. 1953-ல் ஃபூர்னியே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

கான்ஸ்டன்டினின் வாதம் எளிமையானது. குளிரின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் கொடியை நிறுத்தியிருக்கும் வேரைப் பாருங்கள். மாமரம்போலத் திராட்சையிலும் ஒட்டுக் கட்டுவது வழக்கம். கீழே பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர், மேலே ஐரோப்பியத் திராட்சைக் குச்சி. இலையுதிர்காலம் வரும்போது அந்த வருடம் வளர்ந்த பச்சைத் தண்டு பழுப்பேறி, கட்டையாகி முதிர வேண்டும். முதிர்ந்த கட்டை உறைபனியைத் தாங்கும். பச்சைத் தண்டு தாங்காது. சில வேர்கள் கொடியை ஓயாமல் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். சில வேர்கள் ‘போதும், தூங்கு’ என்று சீக்கிரமே அடக்கிவிடும். குறுகிய கோடை உள்ள ஊருக்கு இந்த இரண்டாவது வகை வேர்தான் வேண்டும். அதை எங்கே தேடுவது?

இன்னும் வடக்கே தேடினார்கள். கனடாவின் கியூபெக் பகுதியில், ஒரு கன்னியர் மடத்துத் தோட்டத்தில் கொஞ்சம் பினோ நுவார் திராட்சை இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை பழுத்தால் பெரிது. ஆனால், கொடி உயிரோடு இருந்தது. அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வேர்களைக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டி, எந்த வேருக்கு எந்தத் திராட்சை ஒத்துப்போகிறது, எந்த மண்ணில் நிற்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார் மனிதர்.

பரீட்சை 1957 பிப்ரவரியில் வந்தது. ஏரிச் சரிவுகளில் வெப்பநிலை மைனஸ் 25 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. நம் கணக்கில் மைனஸ் 32 டிகிரி செல்சியஸ். குளிரைத் தாங்கும் என்று பெயர் வாங்கியிருந்த உள்ளூர் ரகங்கள், கான்கார்ட் உட்பட, பல இடங்களில் உறைந்துபோய் அந்த வருடம் காய்க்கவே இல்லை. கான்ஸ்டன்டினின் ரீஸ்லிங், ஷார்டனே கொடிகளில் பாழானவை பத்தில் ஒரு பங்கு மொட்டுகூட இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் வீதம் பழம் அறுத்தார்கள்.

அடுத்த வருடமே கியூகா ஏரிக்கரையில் சொந்தமாக நிலம் வாங்கினார். 1962-ல் அங்கே தன் ஒயின் பண்ணையை ஆரம்பித்தார். வயது அப்போது 63. நம் ஊரில் ரிட்டயர்மென்ட் பணத்தில் வீடு கட்டி, மாடியில் வாடகைக்கு விட்டிருக்கும் வயசு.

இந்த இடத்தின் நில அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர். பதினோரு ஏரிகள், விரித்த கைவிரல்கள் மாதிரி தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும். பனிப்பாறைகள் நகர்ந்து தோண்டிய பள்ளங்கள் இவை. செனகா ஏரியின் ஆழம் 180 மீட்டருக்கும் மேல். கோடையின் சூட்டை அந்தத் தண்ணீர் உள்ளே பிடித்துவைத்து, குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கரையோரம் சில டிகிரி கதகதப்பாக இருக்கும். வசந்தத்தில் இதற்கு நேர் எதிர். தண்ணீர் இன்னும் சில்லென்று இருப்பதால் கரையில் இருக்கும் கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்க்காது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் தண்ணீர்போலக் கீழே வழிந்துவிடும். சரிவில் நிற்கும் கொடி தப்பிக்கும். கரையை விட்டு மேலே ஏறிச் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஏரி இருக்கிறது என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு கொடியின் அடியிலும் மண் அணைப்பார்கள், நம் ஊரில் வாழைக்கும் கரும்புக்கும் செய்வதுபோல. நோக்கம்தான் வேறு. வேரும் குச்சியும் சேரும் ஒட்டு மண்ணுக்குள் மறைய வேண்டும். மேலே உள்ள கொடி முழுக்கச் செத்தாலும், ஒட்டுக்கு மேலே மண்ணுக்குள் இருக்கும் கட்டை பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டே செத்துவிட்டால் அமெரிக்க வேர்தான் துளிர்க்கும்; ரீஸ்லிங் போயே போய்விட்டது. வசந்தத்தில் அந்த மண்ணையெல்லாம் மறுபடி விலக்க வேண்டும். வருடா வருடம், கொடி கொடியாக. இதை டிராக்டர் கலப்பையால்தான் செய்கிறார்கள் என்றாலும், ஒட்டில் கீறல் படாமல் ஓட்டுவதற்குத் தனி நிதானம் வேண்டும்.

கான்ஸ்டன்டின் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சு, அமெரிக்கத் திராட்சைகளைக் கலந்து உருவாக்கிய ஹைபிரிட் ரகங்களை அவருக்கு ஆகவே ஆகாது. குடிப்பவர் உடம்பையே அவை கெடுக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார். அதற்கு ஆதாரம் நிற்கவில்லை. அந்த ஹைபிரிட்களை நம்பிப் பிழைத்த அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு அவர் பேச்சு எப்படி இருந்திருக்கும்? யாரும் நம்பாத காலத்தில் அவரைத் தாங்கிப் பிடித்த அதே பிடிவாதம், நம்ப ஆரம்பித்த பிறகும் விட்டுப் போகவில்லை. பண விஷயத்திலும் அப்படித்தான். அவருக்கு ஆராய்ச்சிதான் முக்கியம். ஏகப்பட்ட ரகங்களை நட்டுக்கொண்டே போனார். பண்ணை லாபம் பார்க்கவில்லை.

மகன் வில்லி, நியூயார்க்கில் கேமரா வியாபாரம் பார்த்தவர். 1984-ல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மறுவருடம் கான்ஸ்டன்டின் காலமானார். வியாபாரி கண்ணுக்கு முதலில் தெரிந்தது, கொடிகளின் எண்ணிக்கையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான். தேவையற்ற ரகங்களைக் குறைத்தார், விற்பனைக்கு ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ‘நியூயார்க்கில் ரீஸ்லிங்கா?’ என்ற கேள்வியை அப்பா விஞ்ஞானிகளிடம் கேட்டார் என்றால், மகன் கடைக்காரர்களிடம் கேட்டார். அதிலும் இனிப்பில்லாத ரீஸ்லிங் என்றால் இன்னும் கஷ்டம். ரீஸ்லிங் என்றாலே தித்திப்பு என்று ஜனங்கள் மனதில் பதிந்துபோன காலம் அது. விலை மலிவான, சர்க்கரைத் தண்ணீர் மாதிரியான ஜெர்மன் ஒயின்கள் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன.

அந்தக் குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பாட்டிலைத் திறக்கும் வரை உள்ளே இனிப்பா, புளிப்பா என்று தெரியாத ஒரே ஒயின் இதுதான் என்று கிண்டல் செய்வார்கள். இதற்காகவே சர்வதேச ரீஸ்லிங் அமைப்பு ஒன்று, பாட்டிலின் பின்பக்கம் ஒட்ட ஓர் அளவுகோலை உருவாக்கியது. ட்ரை என்ற முனையிலிருந்து ஸ்வீட் என்ற முனை வரை ஒரு கோடு. இந்த பாட்டில் எங்கே நிற்கிறது என்று அதில் ஒரு குறி. கணக்கிடுவது வெறும் சர்க்கரையை வைத்து இல்லை. சர்க்கரைக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதத்தை வைத்து. நல்ல யோசனை. ஊறுகாய் ஜாடிக்கும் காரம் எவ்வளவு என்று இப்படி ஒரு கோடு போட்டால் தேவலை.

வில்லிக்குப் பிறகு 1993-ல் அவர் மகன் ஃப்ரெட் வந்தார். அவருக்குப் பின்னால் மகள் மேகன், நான்காம் தலைமுறை. குடும்பத் தொழில் நான்கு தலைமுறை நிற்பது எந்த ஊரிலும் சாதாரணம் இல்லை. இங்கே இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். துணிக்கடை என்றால் பேரன் வேறு வியாபாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திராட்சை நட்டால் நல்ல பலனுக்கே சில வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு பல பத்து வருடம் அதே இடத்தில் நிற்கும். தாத்தா எடுத்த முடிவுக்குப் பேரனும் பேத்தியும் வருடா வருடம் மண் அணைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அவர்கள் வட்டாரத்துக்கே புதிதாக ஒரு தலைவலி. உலகம் சூடாகிறது, குளிர் ஊருக்கு நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. மார்ச், ஏப்ரலில் சூடு முன்னதாக வந்தால் கொடி ஏமாந்து சீக்கிரமே துளிர்த்துவிடுகிறது. ஆனால், உறைபனி தன் பழைய காலண்டரை விட்டுவிடவில்லை. ஜனவரியில் மைனஸ் 20-ஐத் தாங்கிய அதே கொடி, துளிர்விட்ட பிறகு மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகிவிடும். 2023-ம் வருடம் மே 18-ம் தேதி விடியற்காலை ஃபிங்கர் லேக்ஸில் அப்படித்தான் நடந்தது. ஏரியை விட்டுத் தள்ளியிருந்த தோட்டங்களிலும், குளிர்காற்று தேங்கும் பள்ளங்களிலும் இளந்துளிர்கள் ஒரே ராத்திரியில் கறுத்துத் தொங்கின. பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு மேலே இருக்கும் கொஞ்சம் சூடான காற்றைக் கீழே தள்ளிப் பார்ப்பார்கள். தோட்டத்துக்குள் தீ மூட்டிப் பார்ப்பார்கள். ஓரளவுக்குத்தான் பலிக்கும்.

முழுக்கப் போய்விடுவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. திராட்சையின் குளிர்கால மொட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று மொட்டுகள் தெரியும். நடுவில் பெரியது, பக்கத்தில் இரண்டு சிறியவை. பெரியது துளிர்த்துக் கருகினால் அடுத்தது எழும். அதில் குலை குறைவு, சமயத்தில் குலையே இருக்காது. ஆனாலும் இலை வரும், கொடி பிழைக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் ஃபிங்கர் லேக்ஸ் விவசாயிகள் தோட்டத்திலிருந்து குச்சிகளை ஒடித்துவந்து, பிளேடால் மொட்டுகளை ஒவ்வொன்றாகச் சீவிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் போச்சு. நூறு மொட்டில் எத்தனை பழுப்பு என்று எண்ணி, அதற்குத் தக்கபடிதான் கவாத்தில் எத்தனை மொட்டுகளை விட்டுவைப்பது என்று முடிவு செய்வார்கள். சேதம் அதிகம் என்றால் குச்சிகளைத் தாராளமாக விட்டுவைப்பார்கள்.

ஃப்ராங்க் பண்ணையில் இப்போது ஒரே தோட்டத்துப் பழத்தை மட்டும் வைத்துத் தனியாக ட்ரை ரீஸ்லிங் பாட்டில்களும் செய்கிறார்கள். கியூகா ஏரிச் சரிவில் விளைவதற்கு ஒரு பெயர், செனகா ஏரிப் பக்கம் விளைவதற்கு ஒரு பெயர். முதல் பாட்டிலின் லேபிளில் ‘யூஜீனியா’ என்று இருக்கும். கான்ஸ்டன்டினோடு அகதியாகக் கப்பலேறி வந்த மனைவியின் பெயர். மற்றதில் ‘மார்கிரிட்’, வில்லியின் மனைவி.